சுவாமி அலமாரியும் தையல் மிஷினும்

என் நாத்தனார் ஹம்சாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் மயிலாப்பூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். என்னிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.

ஹம்சா என் கணவர் ஸ்ரீநாத்தின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்களோடு இருக்கிறாள். எங்களோடு என்பது என் பேச்சு. நாங்கள்தான் அவளோடு இருக்கிறோம் என்பது அவள் எண்ணம். பழைய வீட்டை இடித்துக் கட்டிய இந்த ஃப்ளாட்டில் பாதி அவள் பெயரில் இருப்பதால் அதை மறுக்கவும் முடியாது. ஒட்ட வாரிய நரைத்த தலை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, முந்தானை ஓரத்தில் எந்நேரமும் நூலோடு குத்தியிருக்கும் ஓர் ஊசி. அந்த ஊசியோடு அவள் கோயிலுக்கும் போவாள், கல்யாணத்துக்கும் போவாள். யாராவது பாசமாகக் கட்டிப்பிடிக்க வந்தால் குத்தும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

அவளுடைய புகழுக்குக் காரணம் புதன்கிழமை தையல் கூட்டம். வாரா வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஹாலில் பெண்கள் கூடி, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குத் துணி நாப்கின் தைக்கிறார்கள். மேலே மிருதுவான ஃப்ளானல், நடுவில் துவாலைத் துணி, அடியில் ஈரம் இறங்காத மெல்லிய துணி, இரண்டு பக்கமும் இறக்கை, இறக்கையில் டிச் பட்டன். தோய்த்துத் தோய்த்து வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம். தைத்ததைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுப்பதோடு விடமாட்டாள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், பிள்ளைகள் எதிரில் நாப்கின் மேல் ஊற்றிக் காட்டுவாள். ஒரு சொட்டு கீழே இறங்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, கொடியில் வெயில் படும்படி உலர்த்துங்கள் என்று கணீரென்று பேசுவாள். நான் கூடப்போய்ப் பார்த்திருக்கிறேன். இப்படி யாரும் பேசிக் கேட்டிராத சில பிள்ளைகள் அழுதுவிடும்.

தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம், அவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் என்று தெரிந்ததும், உங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறையில் நாப்கின் போட மூடி வைத்த கூடை உண்டா என்று கேட்டாள். அந்த மனிதர் ரசம் சாதத்தைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கென்ன, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

கூட்டம் ஆரம்பித்ததும் அவள் பிடிவாதத்தால்தான். அந்தப் பெருவெள்ளம் வந்த வருஷம், கோட்டூர்புரம் ஆற்றோரத்துக் குடிசைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, புளியோதரைப் பொட்டலங்களோடு ஹம்சா போனாள். அங்கே ஜோதிலட்சுமி என்ற பெண், பொட்டலத்தை வாங்காமல் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, கிழிந்த புடவை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். ஹம்சா வீட்டுக்கு வந்து, தன்னுடைய நல்ல புடவைகளையே கத்தரிக்க உட்கார்ந்தாள். பிறகு அந்த ஆற்றோரத்து மக்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஜோதிலட்சுமி மட்டும் புதன்கிழமை தவறாமல் அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். துணி வெட்டுவது அவள் வேலை. ஓரம் அடிப்பது பக்கத்துத் தெரு ஃபிசா. டிச் பட்டன் அமுக்குவதும் ஊர்வம்பு பேசுவதும் மாடிவீட்டு ஜானு மாமி. எல்லோருக்கும் காபி போடுவது நான்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இனிமேல் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் ஹாலின் கிழக்குச் சுவரில் சுவாமி அலமாரி. அதற்கு எதிரே இரண்டு தையல் மிஷின்கள். அதனால் ஹம்சா ஒரு சட்டம் வைத்திருந்தாள். மாதவிலக்கான பெண்கள் அந்த மூன்று நாளும் ஹாலுக்குள் வரக் கூடாது, துணியையோ மிஷினையோ தொடக் கூடாது. மாதவிலக்குக்கு நாப்கின் தைக்கும் கூட்டத்தில் மாதவிலக்கானவளுக்கு இடமில்லை. நான் ஜோடித்துச் சொல்கிறேன் என்று தோன்றும். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான், எனக்கு ஜோடிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஜானு மாமிக்கு அதெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஃபிசா தன் வீட்டிலும் அந்த நாட்களில் தொழுகை கிடையாது என்று சொல்லி, அந்த வாரம் பேசாமல் லீவு எடுத்துக்கொள்வாள். ஜோதிலட்சுமி தனக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று முதல் மாதமே சொல்லிவிட்டாள். மிச்சம் நான். வாசல்பக்கத்துச் சின்ன அறை, தனித் தட்டு, தனிப் பாய். கல்யாணமாகி வந்த புதிதில் சண்டை போட்டுப் பார்த்தேன். ஸ்ரீநாத் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மூணு நாள்தானே, ரெஸ்ட்னு நினைச்சுக்கோயேன் என்றார். அவருக்கு அந்த மாதிரி ரெஸ்ட் ஒரு தடவை கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்நேஹா பிறந்தபோதுதான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இது என்னோடு நிற்க வேண்டும், என் பெண்ணை ஒரு நாளும் அந்த அறையில் உட்கார வைக்கக் கூடாது என்று ஸ்ரீநாத்திடம் சத்தியம் வாங்கினேன். அவர் அதை ஹம்சாவின் எதிரிலேயே சொன்னார். ஹம்சா பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மிஷின் சக்கரம் நிற்கவே இல்லை.

போன டிசம்பரில் மேடவாக்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு, விடுமுறை முடிந்து திறக்கும் திங்கட்கிழமை நாப்கின் தருவதாக ஹம்சா வாக்குக் கொடுத்துவிட்டாள். வேலை மலையாய்க் கிடந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் கூடுவதென்று ஏற்பாடு. ஸ்நேஹாவுக்கு அரைப்பரீட்சை விடுமுறை. எட்டாம் வகுப்பு. மோட்டார் மிஷினில் ஒரு பக்கம் ஓரம் அடிக்கிறேன் என்று அவளாகவே உட்கார்ந்தாள். நேராகத்தான் அடித்தாள். முடித்ததையெல்லாம் மடியில் அடுக்கிக்கொண்டு, பிறகு பொதுக் குவியலில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம், நூல்கண்டு எடுக்க அவள் எழுந்தபோது, ஜானு மாமி முதலில் பார்த்துவிட்டாள். வெளிர் மஞ்சள் பேண்டில் பின்னால் கறை. ஸ்டூல் மேலும் கொஞ்சம். மாமி என்னைப் பார்த்தாள். நான் காபித் தட்டோடு நின்றேன். ஃபிசா சட்டென்று எழுந்து தன் துப்பட்டாவை எடுத்து ஸ்நேஹாவின் இடுப்பில் சுற்றினாள்.

முதல் தடவைதான், ஆனாலும் ஸ்நேஹா பயப்படவில்லை. இந்த வீட்டில் வளர்ந்த குழந்தை ஏன் பயப்பட வேண்டும்? பீட்ரூட் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தவளே அவள்தான். முகம் சிவந்து, லேசாகச் சிரித்து, குவியல் பக்கம் கையை நீட்டினாள்.

"அத்தை, நான் தைச்சதிலேருந்தே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

ஹம்சா எழுந்தாள். முதலில் சுவாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். பிறகு திரும்பினாள்.

"எதையும் தொடாதே."

என் பெண் நீட்டிய கையை அப்படியே பின்னால் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு போன விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஹம்சாவையும் மன்னிக்கமாட்டேன்.

அதோடு நின்றதா? குளியலறையிலிருந்து பெரிய வாளியைக் கொண்டுவந்து, ஸ்நேஹா தைத்தது, அது சேர்ந்த குவியல், பக்கத்திலிருந்த வெட்டிய துணி என்று எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டாள். ஒரு தடவை நனைத்து உலர்த்தினால் போதும், சுத்தமாகிவிடும் என்றாள். எந்த ரத்தத்துக்காகத் தைத்தார்களோ, அதே ரத்தம் வந்த பெண் தொட்டாள் என்று நாப்கினைத் தண்ணீரில் போடுகிறாள்.

ஜோதிலட்சுமி கத்திரியைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா இது. அதுக்குன்னு தைக்கிற துணிதானே." கொஞ்சம் நிறுத்தி, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "எனுக்கு ஆபரேசன்லாம் ஒண்ணும் ஆவல. பொய்தான் சொன்னேன். மாசா மாசம் அந்த நாள்லயும் வந்து வெட்டிக்கினுதான் கீறேன். நனைக்கிறதுன்னா அத்தினி வருசத்துதயும் நனைக்கணும், நல்லா பாத்துக்கோ."

ஹம்சாவின் கை வாளிப் பிடியில் இருந்தது. அவள் பார்வை மூடிய திரைக்குப் போய், ஜோதிலட்சுமியிடம் வந்து, மறுபடியும் திரைக்குப் போனது. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜோதிலட்சுமி பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கினாள். ஃபிசா துப்பட்டாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

நான் ஸ்நேஹாவைக் குளிக்க வைத்து, வேறு உடை மாற்றி, ஹாலில் சோஃபா நடுவில் உட்கார வைத்தேன். வேண்டுமென்றேதான். சுவாமி அலமாரிக்கு நேர் எதிரே. ஹம்சா உலர்த்திவிட்டு வந்தாள், பார்த்தாள், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்ரீநாத் அலுவலகத்திலிருந்து வந்ததும், அவர் சட்டையைக்கூடக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். ஆதம்பாக்கத்தில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, புரோக்கரிடம் பேசியாகிவிட்டது, நானும் ஸ்நேஹாவும் போகிறோம், நீங்கள் வருவதென்றால் வாருங்கள். அவர் மடித்து வைக்க அன்று கையில் செய்தித்தாள் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து தூறல். பால்கனியில் உலர்த்தியதெல்லாம் சொதசொதவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஹம்சா ஹாலில் மேஜை போட்டு, ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க ஈரத் துணி வேகும் வாடை. நான் போய் எதிரே நின்றேன். நாங்கள் வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்று சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஸ்நேஹா பேர்ல எனக்கு என்ன விரோதம் நீரஜா?"

நான் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அந்தத் திருப்தியை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவர்கள் அப்பா இறந்த விஷயம். ஸ்ரீநாத் அப்போது சின்னப் பையன். ஹம்சா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பழைய வீடு. காலையில் ஆபீசுக்குக் கிளம்பியவரை மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

"அன்னிக்கு எனக்கு விலக்கு. ஹால்ல கிடத்தியிருந்தா. அம்மா உள்ள விடலை. கொல்லைப்பக்கம் ஜன்னல்ல நின்னுண்டு பார்த்தேன். எல்லாரும் சுத்தி உட்கார்ந்துண்டிருந்தா, அப்பாவோட பாதம் மட்டும்தான் தெரிஞ்சுது. எடுத்துண்டு போற வரைக்கும் அதையே பார்த்துண்டு நின்னேன்."

இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் எடுத்தாள்.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லேன்னு நீ சொல்றே. ஒண்ணுமில்லேன்னா, நான் அன்னிக்கு அங்க எதுக்கு நின்னேன்?"

இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீநாத்துக்கே தெரியாது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். தனக்கு நடந்தது அநியாயம் என்று ஒத்துக்கொள்ள அவளுக்குத் தைரியமில்லை, அதற்கு விலை என் குழந்தையா?

"அதுக்காக என் பொண்ணும் ஒரு ஜன்னல்ல போய் நிக்கணுமாக்கா?" என்றேன்.

அவள் காய்ந்த நாப்கினை மடித்து அடுத்ததை எடுத்தாள். நான் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்தேன்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் ஏதோ இழுக்கிற சத்தம். போய்ப் பார்த்தால், லீவு போட்டிருந்த ஸ்ரீநாத் ஒரு பக்கமும், வாட்ச்மேன் முருகையன் ஒரு பக்கமும் மோட்டார் மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஹம்சா பின்னாலேயே ஸ்டூலோடு போனாள். எதற்கு, எங்கே என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே கார் நிறுத்துகிற இடத்தில், வெளிச்சம் விழும் ஓரத்தில், இரண்டு மிஷின்களையும் போட்டு, மின்சாரத்துக்கு மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். ஜானு மாமி பிளாஸ்டிக் நாற்காலியில். ஃபிசா வந்துவிட்டாள். ஜோதிலட்சுமியும் இருந்தாள். ஹம்சா அவளுக்குப் போன் செய்து, கீழ உக்காரலாம், வா என்று மட்டும் சொன்னாளாம். மன்னிப்புக் கேட்டாளா என்று பிறகு விசாரித்தேன். அவுங்களாவது கேக்கறதாவது என்றாள் ஜோதிலட்சுமி.

கார் பார்க்கிங்கில் சுவாமி அலமாரி இல்லை. சட்டத்தை அவள் மீறவில்லை. சட்டம் எட்டாத இடத்துக்கு மிஷினை நகர்த்திவிட்டாள். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

ஃப்ளாட் சங்கச் செயலாளர் கல்யாணராமன் தன் காருக்குப் பக்கத்தில் நாப்கின் குவிவதைப் பார்த்துவிட்டு, லேடீஸ் சமாசாரத்தையெல்லாம் பொது இடத்தில் பரப்பலாமா என்று கேட்க வந்தார். ஹம்சா ஒரு நாப்கினை அவர் கையிலேயே கொடுத்து, எந்தத் துணி எதற்கு என்று ஒன்று விடாமல் விளக்க ஆரம்பித்தாள். இறக்கையைப் பற்றிச் சொல்லும்போது அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

ஸ்நேஹா எப்போது இறங்கிப் போனாளோ தெரியவில்லை. நான் மறுபடியும் எட்டிப் பார்த்தபோது மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் அனுப்பவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அடித்துணி வழுக்கிக்கொண்டு தையல் கோணிப்போயிருக்க வேண்டும், அவள் நிமிர்ந்து ஹம்சாவைப் பார்த்தாள். ஹம்சா சும்மா நின்றாள். சுற்றியிருந்தவர்களும் வேலையை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு மேலிருந்தே தெரிந்தது. பிறகு ஹம்சா குனிந்து, ஸ்நேஹாவின் இரண்டு கையையும் தன் கையால் பிடித்து, துணியோடு சேர்த்து ஊசிக்கு நேராக நகர்த்தினாள். அந்த ஓரம் முழுக்க அடித்து முடியும்வரை விடவில்லை. நான் பால்கனியிலேயே நின்றேன். கீழே போகலாம், யாரும் தடுக்கவில்லை. போக மனம் வரவில்லை.

சாயங்காலம் ஹம்சா மேலே வந்தாள். என்னைத் தாண்டும்போது, நாளைக்குக் கல்யாணராமனைக் காரை அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லு, ஸ்நேஹாவுக்கு வெளிச்சம் போறலை என்றாள். நீங்களே சொல்லுங்கோ என்றேன். அவள் எதையும் தொடாமல், முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனாள். சொம்பு சொம்பாகத் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

ஸ்நேஹா பின்னாலேயே வந்து செருப்பைக் கழற்றினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா, அத்தை ஏன் இந்த நேரத்துல தலைக்குக் குளிக்கறா?"

மறைக்க எனக்கு என்ன வந்தது? உள்ளதையே சொன்னேன். உன்னைத் தொட்டுவிட்டாள், தீட்டு, அதனால் முழுகிவிட்டுத்தான் விளக்கேற்றுவாள் என்றேன். குழந்தைக்கு அவமானமாக இருக்கட்டும், அத்தை எப்படிப்பட்டவள் என்று தெரியட்டும் என்றே சொன்னேன்.

ஸ்நேஹா குனிந்து செருப்பை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள்.

"குளிக்கணும்னு தெரிஞ்சுண்டுதானேம்மா தொட்டா?"

நான் உள்ளே போய்ப் புரோக்கருக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் வரை பொறுக்கச் சொன்னேன். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. என் பெண் கேட்ட கேள்வியை நினைக்கும்போதெல்லாம் ஹம்சாவின் மேல் கோபம்தான் வருகிறது.